எங்கிருந்து அளப்பது?

ஒரு துளையின் விட்டம் அந்தத் துளைக்கே சொந்தமானது. வெர்னியரின் சின்னத் தாடைகளை உள்ளே விட்டு விரித்தால் எண் வந்துவிடும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. இடம் அப்படியல்ல. “இந்தத் துளை எங்கே இருக்கிறது?” என்று கேட்டால், “எதிலிருந்து?” என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் போடுகிறவர் துளையின் விட்டத்தை எழுதும்போது ஓர் எண்ணைத்தான் எழுதுகிறார். இடத்தை எழுதும்போது, எதிலிருந்து அளப்பது என்ற முடிவையும் சேர்த்து எடுக்கிறார். அது பிசகினால், அத்தனை எண்களும் சரியாக இருந்தும் பாகம் பொருந்தாது.

இடது விளிம்பிலிருந்து இத்தனை, கீழ் விளிம்பிலிருந்து இத்தனை என்று எழுதினால் போதாதா? பள்ளிக்கூடத்தில் கிராஃப் தாளில் அப்படித்தானே புள்ளி வைத்தோம். தாளில் இரண்டு அச்சுகளும் அச்சடிக்கப்பட்ட கோடுகள். ஒன்றுக்கொன்று சரியான செங்கோணத்தில் இருப்பவை. உலோகத்தில் அந்தக் கோடுகள் கிடையாது. மில்லிங் செய்த விளிம்பு எவ்வளவு பளபளத்தாலும் அதில் மேடு பள்ளம் உண்டு, கொஞ்சம் வளைவு உண்டு. பக்கத்து விளிம்போடு அது சேரும் கோணம் 90 பாகைக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். அந்த விளிம்பின் எந்த இடத்திலிருந்து அளப்பது?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 300 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம் உள்ள ஓர் இரும்புத் தகடு. இடக் கீழ் மூலையிலிருந்து கிடையாக 280 மி.மீ., செங்குத்தாக 180 மி.மீ. தள்ளி ஒரு துளை. மூலையின் கோணம் வரைபடத்தில் 90 பாகை. பட்டறையிலிருந்து வந்த தகட்டில் 89.9 பாகை. ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான் குறை, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பேர் இந்தத் துளையை அளக்கிறார்கள். ஒருவர் நீளமான கீழ் விளிம்பை ஒரு நேர்க்கட்டையோடு முழுக்க ஒட்டவைத்து, இடது விளிம்பைப் பேருக்குத் தொடவைக்கிறார். மற்றவர் இடது விளிம்பை முழுக்க ஒட்டவைத்து, கீழ் விளிம்பைத் தொடவைக்கிறார். முதலாமவரின் அச்சுகளும் இரண்டாமவரின் அச்சுகளும் ஒன்றுக்கொன்று 0.1 பாகை திரும்பி நிற்கும். மூலையிலிருந்து துளைக்கு நேர்த்தொலைவு சுமார் 333 மி.மீ.; அவ்வளவு தூரத்தில் 0.1 பாகைத் திருப்பம் 0.58 மி.மீ. நகர்வாகிவிடும். துளையின் மையம் சரியான புள்ளியிலிருந்து 0.1 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது என்று வரைபடம் கேட்டிருந்தால், முதலாமவர் பாஸ் போட்டு அனுப்பும் தகட்டை இரண்டாமவர் ரிஜெக்ட் செய்வார். அளந்ததில் இருவருமே தவறு செய்யவில்லை. வரைபடம் அவர்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

சொல்லாமல் விட்ட அந்த விஷயத்துக்குத்தான் டேட்டம் என்று பெயர். பாகத்தின் உண்மையான முகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, “இதை ஒரு கச்சிதமான தளத்தின் மேல் உட்காரவை, அந்தத் தளத்திலிருந்து அள” என்று வரைபடம் சொல்கிறது. அளவு தொடங்குவது மேடு பள்ளமுள்ள முகத்திலிருந்து அல்ல, அந்த முகம் உட்காரும் கற்பனைத் தளத்திலிருந்து. பட்டறையில் அந்தக் கற்பனைக்குப் பதிலாள் சர்ஃபேஸ் பிளேட், அல்லது பாகத்தைப் பிடிக்கும் ஃபிக்சர்.

வரிசையும் முக்கியம். ஒரு திடப்பொருள் வெட்டவெளியில் ஆறு விதமாக அசையலாம்: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். துளையின் இடத்தைச் சொல்வதற்கு முன் இந்த அசைவுகளைக் கட்டிப்போட வேண்டும். முதல் டேட்டம் முகம் குறைந்தது மூன்று புள்ளிகளில் தளத்தைத் தொடும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதும் நாலு கால் உள்ளது ஆடுவதும் எதனாலோ, அதனால்தான் இங்கே மூன்று. இதில் மேல்கீழ் நகர்வு ஒன்றும் இரண்டு சாய்வுகளும் அடங்கிவிடும். இரண்டாவது முகம் இரண்டு புள்ளிகளில் தொட்டால் போதும். ஒரு நகர்வும் ஒரு திருப்பமும் போகும். மிச்சமிருக்கும் ஒரே நகர்வை மூன்றாவது முகம் ஒரு புள்ளியில் நிறுத்திவிடும். மூன்று, இரண்டு, ஒன்று. பாகத்தை வைஸில் பிடிக்கும் பழைய தொழிலாளி இந்தக் கணக்கை வாயால் சொல்லமாட்டார். ஆனால் எந்த முகத்தை முதலில் துடைத்து அடியில் வைக்கிறார் என்று கவனித்தால், கணக்கு அவர் கையில் இருப்பது தெரியும்.

இந்த வரிசையை எழுதுவதற்கென்றே வரைபடத்தில் ஒரு நீளமான கட்டம் உண்டு. முதல் அறையில் குறுக்குக்கோடு போட்ட வட்டம், அதாவது இடத்தைப் பற்றிய கட்டளை. அடுத்த அறையில் எவ்வளவு விலகலாம் என்ற எண். அதற்குப் பின் ஏ, பி, சி என்று டேட்டம் எழுத்துகள், முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்ற வரிசையில். ரோமன் எழுத்துகளில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஐ, ஓ, க்யூ தவிர. அவை ஒன்று, பூஜ்யம் என்று தவறாகப் படிக்கப்படும். மேலே சொன்ன தகட்டில் கீழ் விளிம்பு பி, இடது விளிம்பு சி என்றால், ஏ, பி, சி என்பதை ஏ, சி, பி என்று மாற்றினாலே துளை 0.58 மி.மீ. நகர்ந்துவிடும். அகர வரிசையில் எழுதினால் அழகாக இருக்கிறது என்பதற்காக எழுதப்படும் வரைபடங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இயந்திர வரைபடத்தில் டேட்டம் என்ற பெயரும் இந்தக் கட்டமும் 20ஆம் நூற்றாண்டில் வந்தவை. யோசனை அதற்கும் பழையது. அமெரிக்காவில் போட்டோமாக், ஷெனன்டோவா ஆறுகள் சேரும் இடத்தில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊர். அங்கே அரசு ஆயுதசாலையின் ஒரு பகுதியில் 1819இலிருந்து ஜான் ஹால் என்பவர் தன்னுடைய பின்புறம் குண்டு நிரப்பும் துப்பாக்கியைத் தயாரித்துவந்தார். எந்தத் துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் எடுத்து இன்னொன்றில் மாட்ட முடிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்தக் காலத்தில் துப்பாக்கிப் பாகங்களை ஒவ்வொன்றாக அரம் கொண்டு ராவித்தான் பொருத்துவார்கள். ஹால் கண்ட தடை ஒன்று உண்டு. ஒரு பாகத்தில் முதல் வேலையைச் செய்ய அதை ஒரு முகத்தில் உட்காரவைக்கிறோம். இரண்டாவது வேலைக்கு, முதல் வேலையில் செதுக்கிய முகத்தில் உட்காரவைக்கிறோம். மூன்றாவதற்கு இரண்டாவதில் செய்த முகம். ஒவ்வொரு முறையும் சிறு பிழை. அது முந்தைய பிழையின் மேல் ஏறி உட்காரும். ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே ஒரு தாங்குமிடத்தைத் தீர்மானித்து, எல்லா ஃபிக்சர்களும் பாகத்தை அதே இடத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று விதி வைத்தார். பிழைகள் இருக்கும், ஆனால் அடுக்காகச் சேராது.

1826 கடைசியிலும் 1827 தொடக்கத்திலுமாக ஒரு குழு வந்து சோதித்தது. 100 துப்பாக்கிகளைக் கழற்றி, பாகங்களைக் கலந்துபோட்டு, புதிய கட்டைகளில் மறுபடி பூட்டிப் பார்த்தார்கள். பொருந்தின. 1834இல், கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் சிமியன் நார்த் தன் பட்டறையில் செய்த ஹால் துப்பாக்கிகளின் பாகங்கள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் செய்தவற்றோடு மாற்றிப் போட்டாலும் பொருந்தின. மாற்றிப் பொருத்தும் பாகங்களின் கதையில் பெரும்பாலும் எலை விட்னியின் பெயரைச் சொல்கிறார்கள். புகழ் போய்ச் சேர வேண்டிய முகவரி ஹாலுடையது என்றே நினைக்கிறேன்.

எதையாவது ஒன்றை மாறாமல் பிடித்துக்கொள் என்பது ஹால் சொன்னது. எதை என்பது அடுத்த கேள்வி. பதில் பாகத்துக்குள் இல்லை. அந்தப் பாகம் போய் உட்காரப்போகும் இடத்தில் இருக்கிறது. கார் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம்.

ரிம்மின் உள்பக்கத்தில் நாலு அல்லது ஐந்து போல்ட் துளைகள் ஒரு வட்டத்தின் மேல் இருக்கும். 4×100, 5×114.3 என்று டயர் கடைகளில் சொல்வது துளைகளின் எண்ணிக்கையையும் அந்த வட்டத்தின் விட்டத்தையும். (114.3 என்ற விநோத எண் வேறொன்றுமில்லை, நாலரை அங்குலம்.) இந்தத் துளைகளின் இடத்தை எதிலிருந்து சொல்வது? ரிம்மின் வெளி விளிம்பிலிருந்தா? கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். ஆனால் வண்டியில் மாட்டும்போது வெளி விளிம்பு எதையும் தொடுவதில்லை. ஹப்பின் தட்டையான முகத்தோடு ரிம்மின் உள்முகம் ஒட்டி உட்காருகிறது. ஆகவே அதுதான் ஏ. ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வட்டக் குமிழ் ரிம்மின் மையத்துளைக்குள் நுழைந்து சக்கரத்தை நடுவில் நிறுத்துகிறது; ஆகவே மையத்துளை பி. சி எங்கே? தேவையே இல்லை. சக்கரம் எந்தத் திருப்பத்தில் நின்றாலும் ஐந்து துளைகளும் ஐந்து போல்ட்டுகளுக்கு நேராக வரத்தான் போகின்றன. ஆறாவது அசைவு திறந்தே இருக்கலாம். இங்கே சி என்று ஒன்றை எழுதிவைத்தால், பரிசோதகர் அதற்கொரு ஃபிக்சர் செய்து அதிலும் பாகத்தை ஒட்டவைத்து அளப்பார். அந்தச் செலவால் சக்கரத்துக்கு ஒரு நன்மையும் இல்லை.

இப்போது இன்னொரு வகை. சில சக்கரங்களில் நடுத்துளை ஹப்பின் குமிழைவிடப் பெரியது. பல மாடல் கார்களுக்கும் ஒரே ரிம்மை விற்பதற்காகக் கடையில் கிடைக்கும் அலாய் வீல்களைப் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். அவற்றில் சக்கரத்தை மையத்துக்குக் கொண்டுவருவது நட்டுகளின் கூம்பு முனை. கூம்பு போய் அமரும் குழிகள்தான் இடத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த ரிம்முக்கு டேட்டம் போல்ட் துளைகளின் தொகுதியே. நடுத்துளை இதில் தன்னுடைய இடத்தைப் போல்ட் துளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சாதாரணத் துளையாகிவிடுகிறது. இரண்டு ரிம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். வரைபடத்தில் யார் யாரைப் பார்த்து அளக்கப்படுகிறார்கள் என்பது தலைகீழ்.

இந்தத் தலைகீழின் விளைவைச் சாலையில் உணரலாம். வீல் பேலன்சிங் இயந்திரத்தில் சக்கரத்தை மாட்டும்போது ஒரு கூம்பை நடுத்துளைக்குள் செருகி இறுக்குவதுதான் பொதுவான வழக்கம். குமிழால் மையமாகும் சக்கரத்துக்கு அது சரியான பிடிப்பு. நட்டுகளால் மையமாகும் சக்கரத்துக்கு அல்ல. நடுத்துளைக்கும் போல்ட் வட்டத்துக்கும் கால் மில்லிமீட்டர் மையம் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரோடு சேர்த்து 16 கிலோ எடையுள்ள சக்கரம் 0.25 மி.மீ. தள்ளி நின்றால், 15 அங்குல ரிம்மின் விளிம்பில் 21 கிராம் ஈயத்தை வேண்டுமென்றே தப்பான இடத்தில் ஒட்டியதற்குச் சமம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் விநாடிக்குச் சுமார் 15 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றரைக் கிலோ எடைக்குச் சமமான விசை அச்சை ஒருமுறை இழுக்கும். இயந்திரத்தின் திரையில் பூஜ்யம், ஸ்டியரிங்கில் நடுக்கம். கடைக்காரர் மறுபடி மாட்டிக் காட்டுவார், மறுபடி பூஜ்யம்தான் வரும். இயந்திரம் பொய் சொல்லவில்லை. சக்கரம் வண்டியில் எதில் உட்காருகிறதோ அதில் உட்காரவைத்து அளக்கவில்லை, அவ்வளவுதான். போல்ட் துளைகளிலேயே பிடிக்கும் விரல்கள் கொண்ட தட்டு ஒன்று இந்த இயந்திரங்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது.

தப்பான முகத்திலிருந்து மிகத் துல்லியமாக அளப்பது எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு, துளைகளை விட்டுச் சற்று விலகி ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடியைத் தேய்க்கும்போது, அதன் வடிவத்தைச் சோதிக்க ஓர் ஒளியியல் கருவியைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கருவிக்குள் ஒரு லென்ஸ் குறிப்பிட்ட தூரத்தில் இருக்க வேண்டும். தூரத்தை அளக்க, வெப்பத்தில் ஏறக்குறைய நீளாத இன்வார் உலோகத்தில் ஒரு கோல் செய்து, கோலின் முனையிலிருந்து லேசர் ஒளி திரும்புவதை வைத்து அளந்தார்கள். முனையின் நடுவில் மட்டும் ஒளி படட்டும் என்று சிறு துளையுள்ள மூடி ஒன்றை மாட்டி, அந்த மூடியில் ஒளி பட்டுத் திரும்பாதிருக்கக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். பூச்சு ஓரிடத்தில் உரிந்திருந்தது. ஒளி கோலின் முனையில் படுவதற்குப் பதில் மூடியின் மேல் பட்டுத் திரும்பியது. வித்தியாசம் 1.3 மி.மீ. லென்ஸை அந்தத் தூரத்துக்கு இறக்கச் சட்டத்தில் இடம் போதவில்லை என்றபோது கூட யாரும் நின்று யோசிக்கவில்லை. வாஷர் வைத்து இறக்கினார்கள். அந்தக் கருவியை நம்பிக் கண்ணாடியை அற்புதமான துல்லியத்தோடு தேய்த்தார்கள், விளிம்பில் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகிவிட்ட ஒரு வடிவத்துக்கு. அதைவிட எளிய வேறொரு கருவி பிழையைக் காட்டியது. அது துல்லியம் குறைந்தது என்று ஒதுக்கிவைத்தார்கள். 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போன தொலைநோக்கிக்கு 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும் ஒளியியலை மாட்ட வேண்டியிருந்தது. அளவுகோலில் குறையில்லை, லேசரில் குறையில்லை. அளவு தொடங்கிய முகம்தான் வேறு.

துளைகளுக்குத் திரும்புவோம். வரைபடத்தில் துளைகளுக்கு இடம் சொல்ல இரண்டு பழைய வழக்கங்கள் உண்டு. ஒரு வரிசையில் ஐந்து துளைகள், அடுத்தடுத்து 20 மி.மீ. இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் ±0.1 மி.மீ. டாலரன்ஸ் என்று கொள்வோம். விளிம்பிலிருந்து முதல் துளை, முதலிலிருந்து இரண்டாவது, இரண்டிலிருந்து மூன்றாவது என்று சங்கிலியாக எழுதினால், ஐந்தாவது துளை விளிம்பிலிருந்து 100±0.5 என்றாகிவிடும். ஹால் பயந்த அடுக்கு இதுதான். எல்லாவற்றையும் விளிம்பிலிருந்தே 20, 40, 60, 80, 100 என்று எழுதினால் ஐந்தாவது துளை 100±0.1 ஆகச் சுருங்கும். அப்படியானால் இரண்டாவது முறைதான் நல்லது என்று பாடப்புத்தகங்கள் பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்கின்றன. கொஞ்சம் பொறுக்க வேண்டும். இரண்டாவது முறையில் அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்கு நடுவே இருக்கும் தூரம் என்ன ஆகிறது? ஒன்று +0.1, மற்றது −0.1 போனால், இடைவெளி 20±0.2. சங்கிலி முறையில் அது ±0.1ஆக இருந்தது. அந்த ஐந்து துளைகளிலும் ஐந்து பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாகம் வந்து நுழையப்போகிறது என்றால், விளிம்பைக் கும்பிட்டு அதற்குத் தட்சணையாகத் துளைகளுக்குள் இருந்த உறவைக் கெடுத்திருக்கிறோம்.

உதாரணமாக, இயந்திரத்தின் மேல் திருகாணி போட்டு மாட்டும் பெயர்ப்பலகைக்கு நாலு துளை போடுகிறோம். நாலும் தங்களுக்குள் சரியான தூரத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் நாலாவது திருகாணி நுழையாது. பலகையே ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளிப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே கட்டத்தை இரண்டு மாடியாக எழுதலாம்: மேல்மாடியில் நாலு துளைகளும் ஒரு கூட்டமாக விளிம்புகளிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று தாராளமான எண், கீழ்மாடியில் கூட்டத்துக்குள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகலாம் என்று கறாரான எண். விளிம்புகளுக்கும் துளைகளுக்கும் கறாரான உறவு கேட்பது நிஜமான தேவையால் இருக்கட்டும். பெரும்பாலும் அது கணினித் திரையில் விளிம்புக்கோடு சுலபமாகக் கிளிக் ஆகிறது என்பதால் நேர்கிறது.

விலகல் என்ற எண்ணுக்கு வடிவமும் உண்டு என்று கண்டவர் ஸ்டான்லி பார்க்கர். ஸ்காட்லாந்தின் அலெக்ஸாண்ட்ரியா என்ற ஊரில் பிரிட்டிஷ் கடற்படையின் டார்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். (அந்தக் கட்டடம் முன்பு ஆர்கைல் மோட்டார் கம்பெனியின் ஆடம்பரமான கார் தொழிற்சாலை; கார் வியாபாரம் படுத்தபின் கடற்படை எடுத்துக்கொண்டது.) பரிசோதனையில் ரிஜெக்ட் ஆன பாகங்கள் சில, எடுத்துப் பூட்டிப் பார்த்தால் ஒழுங்காகப் பொருந்தின. கிடையாக ±0.1, செங்குத்தாக ±0.1 என்றால் துளையின் மையம் ஒரு சதுரத்துக்குள் இருக்க வேண்டும் என்று அர்த்தம். சதுரத்தின் மூலை நடுப்புள்ளியிலிருந்து 0.14 மி.மீ. தள்ளியிருக்கிறது, அங்கே இருக்கும் துளை பாஸ். நேர் வலப்பக்கம் 0.12 மி.மீ. தள்ளியிருக்கும் துளை ரிஜெக்ட். அதிகம் விலகியது தேறுகிறது, குறைவாக விலகியது தோற்கிறது! உருண்டையான போல்ட்டுக்கு எந்தத் திசையில் விலகினாலும் ஒன்றுதான். சதுரத்தின் மூலைகளைத் தொடும் வட்டமாக எல்லையை மாற்றினால், பொருத்தம் கெடாமல் 57 சதவீதம் கூடுதல் இடம் கிடைக்கிறது. போர்க்காலத்தில் அது சின்ன லாபம் இல்லை. பார்க்கர் 1940இல் இதை வெளியிட்டார். கட்டத்தின் இரண்டாவது அறையில் எண்ணுக்கு முன் விட்டக்குறி நிற்பது அந்த வட்டத்துக்காகத்தான். அமெரிக்கத் தர விதிகள் ஒய் 14.5 என்ற பெயரிலும் உலகத் தர நிறுவனத்தின் விதிகள் ஐ.எஸ்.ஓ. 1101, 5459 என்ற எண்களிலும் இதையெல்லாம் வளர்த்தெடுத்தன. வட்டத்தின் மையம் எங்கே என்பதை மட்டும் எந்த விதியும் நமக்காகத் தீர்மானிக்காது. அதை ஏ, பி, சிதான் சொல்லும்.

ஏ என்று எந்த முகத்துக்கும் பெயர் வைத்துவிடலாம், அது அந்தப் பொறுப்பைத் தாங்க வேண்டுமே. 20 மி.மீ. அகலமே உள்ள ஒரு முகத்தை முதல் டேட்டமாக்கி, அதிலிருந்து 200 மி.மீ. உயரத்தில் இருக்கும் துளையை அளக்கச் சொல்லும் வரைபடங்கள் இருக்கின்றன. அந்த முகத்தின் ஓரத்தில் 0.05 மி.மீ. பிசிறு இருந்தால் போதும், மேலே துளை அரை மில்லிமீட்டர் சாய்ந்துவிடும். முதல் டேட்டம் அகலமாக இருக்க வேண்டும், தட்டையாக இருக்க வேண்டும். எவ்வளவு தட்டை என்று வரைபடம் தனியாக ஓர் எண் கொடுக்க வேண்டும். நடுவில் லேசாகப் புடைத்த முகத்தை சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்தால் ஆடும். ஒவ்வொரு முறை வைக்கும்போதும் வேறு அளவு வரும். பாகத்தைத் தொட்டு அளக்கும் சி.எம்.எம். இயந்திரத்தில் வேறு சங்கடம். அது முகத்தில் பல இடங்களைத் தொட்டு, மென்பொருளில் ஒரு சராசரித் தளத்தைப் போட்டுக்கொள்ளும். சராசரித் தளம் மேடுகளுக்கும் பள்ளங்களுக்கும் நடுவே உலோகத்துக்குள் ஓடுகிறது. பாகமோ வண்டியில் மேடுகளின் மேல்தான் உட்காரப்போகிறது. எந்தக் கணக்கில் தளம் போடுவது என்ற தெரிவு அந்த மென்பொருளில் உண்டு. பலரும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

டேட்டம் முகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எஞ்சினில் பிளாக்கின் மேல் சிலிண்டர் ஹெட் உட்காரும் இடத்தைப் பார்த்தால் இரண்டு டோவல் பின்கள் தெரியும். சுற்றிலும் இருக்கும் போல்ட்டுகளின் வேலை இறுக்குவது. அவற்றின் துளைகள் போல்ட்டைவிடப் பெரியவை, ஹெட்டை அவற்றால் இடத்தில் நிறுத்த முடியாது. நிறுத்துவது டோவல்கள். ஆகவே ஹெட்டின் அடிமுகம் ஏ, ஒரு டோவல் துளை பி, மற்றது சி. வெளி விளிம்புகள் வார்த்தபடியே கரடாக இருந்தாலும் பாதகமில்லை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு டோவல்களுக்கு நடுவே 300 மி.மீ. என்றும், பிளாக்கிலும் ஹெட்டிலும் அதற்கு ±0.05 டாலரன்ஸ் என்றும் கொண்டால், மோசமான ஜோடியில் 0.1 மி.மீ. முரண்படும். நூறில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியோடு இறுக்கமாக நுழையும் இரண்டு உருண்டைப் பின்களும் அப்போது சேர்ந்து நுழையாது. முதல் பின் ஏற்கெனவே இரண்டு நகர்வுகளையும் பிடித்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு திருப்பம். இரண்டாவது பின் அதை மட்டும் தடுத்தால் போதும். எனவே ஃபிக்சர் செய்கிறவர்கள் இரண்டாவது பின்னின் இரு பக்கங்களைச் சீவி டயமண்ட் பின்னாக்குவார்கள், அல்லது அந்தத் துளையை இரண்டு பின்களையும் சேர்க்கும் கோட்டின் திசையில் நீளவாக்கில் இழுத்துவிடுவார்கள். ஆறு அசைவுகளை ஏழு பூட்டுகளால் பூட்டப் போனால் ஏழாவது பூட்டு முதல் ஆறோடு சண்டை போடும்.

வரைபடம் போடுகிறவருக்கும் பாகத்தைச் செய்கிறவருக்கும் எப்போதும் ஓர் இழுபறி உண்டு, அது நியாயமானதும்கூட. பாகம் பூட்டப்படும் முகம் செய்வதற்குக் கடைசியில் வரலாம். செய்யும்போது பிடிக்க வசதியான முகம் பூட்டும்போது காற்றில் நிற்கலாம். வார்ப்பாக வந்திறங்கும் பாகத்தில் தொடக்கத்தில் ஒரு நல்ல முகம்கூட இருக்காது. அதற்காகத்தான் வரைபடத்தில் கரடு முகங்களின் மேல் “இந்த மூன்று இடங்களில் தாங்கு, இந்த இரண்டில் ஒட்டு, இந்த ஒன்றில் நிறுத்து” என்று ஆறு சிறு இடங்களைக் குறித்துக் கொடுப்பார்கள். முதல் பிடிப்பு அந்த ஆறில். அதிலிருந்து வெட்டிய முகங்கள் அடுத்த பிடிப்புக்கு ஆதாரம். வார்ப்பில் இருந்த குறிகளின் வேலை அங்கேயே முடிந்தது. துளைகளுக்கும் அவற்றுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சக்கரத்தைப் போன்ற பாகத்தில் முகத்தையும் நடுத்துளையையும் போல்ட் துளைகளையும் ஒரே பிடிப்பில் முடித்துவிட்டால், கழற்றி மாட்டும் பிழையே வராது.

கியர்பாக்ஸ் கூட்டைப் போன்றவற்றில் அந்த அதிர்ஷ்டம் எப்போதும் வாய்ப்பதில்லை. அங்கே பேரிங் உட்காரும் துளைகள்தான் எல்லாவற்றுக்கும் எஜமான். பக்கத்து முகத்தில் உள்ள போல்ட் துளைகள் அவற்றைப் பார்த்தே இருக்க வேண்டும். ஆனால் போல்ட் துளைகளை முன்னதாகவே, அடிமுகத்தில் உட்காரவைத்துப் போட வேண்டியிருக்கலாம். போடலாம், தடையில்லை. அடிமுகத்துக்கும் பேரிங் துளைகளுக்கும் நடுவே வரக்கூடிய பிழையை மட்டும் கணக்கில் கழிக்க வேண்டும். வரைபடம் 0.2 மி.மீ. வட்டம் கொடுத்திருந்து, அந்த இடைப்பிழை அதே வட்டக் கணக்கில் 0.08 என்றால், துளை போடுகிறவர் கையில் இருப்பது 0.12தான். அந்த 0.12 பட்டறையின் வேலைத்தாளில் எழுத வேண்டிய எண். வரைபடத்தில் 0.2ஐ அடித்துவிட்டு அடிமுகத்தை டேட்டமாக மாற்றச் சொல்லிக் கேட்பவர்களுக்கு இணங்கக் கூடாது. கடைசிப் பரிசோதனையில் பேரிங் துளைகளுக்குள் மான்ட்ரல் என்ற உருளைக்கோலைச் செருகி, அந்த மான்ட்ரலிலிருந்துதான் போல்ட் துளைகளை அளக்க வேண்டும். துளை போட்ட நாளில் கூடு எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்பது பரிசோதகருக்குத் தேவையில்லாத செய்தி.